1929-ஐ விட்டுக் கொஞ்சம் பின்னால் போ, தம்பி

அன்புத் தம்பிக்கு,

பிரிட்டனின் பொருளாதார மந்தம் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது, வரலாறுதான் இடிக்கிறது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததிலிருந்து தொடங்குகிறாய். அதற்கு முன்பே, 1920-கள் நெடுகிலும், வேலையின்மைக் காப்பீட்டில் இருந்த பிரிட்டிஷ் தொழிலாளர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை. நிலக்கரி, பருத்தித் துணி, கப்பல் மூன்றுக்கும் வெளிநாட்டுச் சந்தை போய்விட்டது. போதாக்குறைக்கு 1925-இல் நிதியமைச்சர் சர்ச்சில் பவுண்டின் மதிப்பை முதல் உலகப் போருக்கு முந்தைய 4.86 டாலர் அளவிலேயே தங்கத்தோடு கட்டினார். ஏற்றுமதிச் சரக்கின் விலை ஏறியது. சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்கப் போக, 1926-இல் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. பட்ட காலிலேயே பட்டதுதான் 1929.

அடுத்து, ‘நாடே பட்டினி கிடந்தது’ என்கிறாய். எந்த ஊர் என்று கேட்டுப் பார். 1934-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோவில் வேலையின்மை சுமார் 68 சதவீதம். லண்டனுக்கு அருகிலுள்ள செயின்ட் ஆல்பன்ஸில் 4 சதவீதம்கூட இல்லை. ஜாரோவை வாழவைத்த பாமர் கப்பல் கட்டும் தளத்தை, கப்பல் கட்டும் முதலாளிகளின் கூட்டு நிறுவனமே வாங்கி மூடியது. 1936 அக்டோபரில் அவ்வூர் ஆண்கள் 200 பேர், 11,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவோடு லண்டனுக்கு நடந்தார்கள். பிரதமர் பால்ட்வின் அவர்களைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். அவர்கள் நடந்த அதே காலத்தில் தெற்கே புதுவீடுகள் மளமளவென்று எழுந்துகொண்டிருந்தன; கார், மின்சாதனத் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

வங்கிகள் வரிசையாகத் திவாலானது அமெரிக்கக் கதை. அதை இங்கே ஒட்டாதே.

சதவீதத்தைப் பார்த்தால் ‘எதில் சதவீதம்?’ என்று கேள். 1932-இன் வேலையின்மை 22 சதவீதம் என்று ஒரு நூல் சொல்லும், 16-க்குக் கொஞ்சம் குறைவு என்று இன்னொன்று சொல்லும். முதலாவது காப்பீட்டில் உள்ளவர்களை மட்டும் எண்ணியது. பண்ணைக் கூலிகள் 1936 வரை அதில் சேரவில்லை.

பொருளாதார அறிஞர் கெயின்ஸ்தான் நாட்டை மீட்டார் என்ற பத்தியை முழுதாக எடுத்துவிடு. அவருடைய ‘பொதுக் கோட்பாடு’ வெளியானது 1936-இல். மீட்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1931 செப்டம்பரில் பவுண்டைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டதையும், மறு ஆண்டு பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி 2 சதவீதத்துக்கு இறங்கியதையும் அந்த இடத்தில் எழுது. வீடு கட்டக் கடன் எப்படி மலிவானது என்பதற்கு அங்கேயே இரண்டு வரி சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்