கெம்ப்டன் பார்க், தென்னாப்பிரிக்காவிலிருந்து

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே நல்ல குளிர், காலையில் குழாய்த் தண்ணீர் கையை வெட்டுகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. மக்காச்சோள மாவில் பாப் என்று ஒரு களி கிண்டுகிறார்கள். ரசம் ஊற்றினால் இறங்கிவிடும்.

ஏர்போர்ட் பக்கத்திலேயே அறை. அடுத்த வீட்டு அம்மா டர்பனில் பிறந்த தமிழ் ஆள், ஆனால் "வணக்கம், சாப்பாடு ஆச்சா" தாண்டித் தமிழ் வராது. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்தியவராம். துணி உலர்த்துமுன் கைக்குட்டையால் கொடிக் கம்பியைத் துடைத்துக் கறுப்பை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். விமானப் புகைதானே என்றேன். "இல்லை, இது கரியடுப்பு, டயர் தூசி. விமானம் விடுகிற கரியில் முக்கால்வாசி கண்ணுக்கே தெரியாது. 0.1 மைக்ரானுக்கும் சிறிசு, நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும்" என்கிறார்!

ஊர் 1,700 மீட்டர் உயரம். காற்று லேசானதால் விமானம் எழும்ப நெடுந்தூரம் ஓட வேண்டும், ஒரு ஓடுபாதை 4.4 கிலோமீட்டர். குளிர்காலத்தில் கீழே இருக்கிற குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று மூடி போட்டுவிடும், புகை போக வழியிருக்காது. விடிகாலையில் மண்ணெண்ணெய் வாசம் வரும். ஜெட் எரிபொருளே ஒருவகை மண்ணெண்ணெய்தானாம். அம்மா பம்ப் ஸ்டவ்வை அடித்து அடித்துப் பற்றவைப்பாளே, அதே வாசம். அதற்காகவே ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன். அந்த அம்மா பார்த்தால் கத்துவார். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டிருந்தாய். விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வருமாம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறதாம், பைனான்ஸ்காரன் வட்டி மாதிரி. துபாய் வழியாக வந்து போக எவ்வளவு புகை பார். அடுத்த வருடம் பார்க்கலாம். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைச்சல், பேங்க்கில் ஏதோ குழப்பம், வேறொன்றுமில்லை.

சரி, வரப்புத் தகராறில் அத்தான் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். பெரியப்பா மகன் சொல்கிற அளவு தப்பு, அப்பா இருக்கும்போதே சர்வேயர் கல் நட்டாயிற்று. அம்மாவின் கண் ஆபரேஷனை அறுப்புக்கு முன்னால் முடித்துவிடு. பரணில் கிடக்கும் ஸ்டவ்வைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. அப்புறம், பத்திரம் பீரோ மேல்தட்டில், அப்பாவின் சால்வைக்கு அடியில் இருக்கிறது.

உன் தம்பி,
குமார்