கொங்கு நாட்டு இளம் நாவலாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். இருண்ட எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் எழுதும் நாவல்களை ஆசையோடு படித்து வருகிறேன். வேகம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஊர்தான் இல்லை. கண்ணாடிக் கோபுரங்கள், பறக்கும் கேமராக்கள், பெயரில்லாத ஒரு நகரம். அந்தக் கதையை எந்த நாட்டில் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு வரிகூட மாறாது. எனக்கு உறுத்துவது அதுதான்.

உங்களில் பலர் விரும்பிப் படித்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்வோம். 2008இல் சூசன் காலின்ஸ் எழுதியது. அதன் நாயகி காட்னிஸ் பிறந்த பன்னிரண்டாம் மாவட்டம் நிலக்கரி வெட்டும் ஊர். சுரங்க வெடிப்பில் அப்பா போய்விட்டார், வீட்டில் பசி. ஊரைச் சுற்றி மின்வேலி, ஆனால் பெரும்பாலும் அதில் மின்சாரம் ஓடாது. வேலிக்கு அப்பால் காடு. அதனால்தான் அவள் கைக்கு வில் வந்தது. மீன்பிடிக்கும் நான்காம் மாவட்டத்தில் பிறந்திருந்தால் அவள் வேறொரு பெண், அது வேறொரு கதை.

சரி, நம் பக்கம் வருவோம். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டியது. அதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. "தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்" என்று விவசாயிகளே எதிர்த்து நிற்க வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வழக்கமான கதையில் கொடுங்கோலன் தண்ணீரை அடைத்து வைப்பான், வீரன் மதகைத் திறப்பான். நொய்யல் கரையில் அந்தக் கதை தலைகீழாகிவிடும். இங்கே மதகைத் திறப்பதே தண்டனை. மதகுச் சாவியை வைத்திருப்பவரின் மகள் என்ன செய்வாள்? அவளுடைய அண்ணன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தால், அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எப்படி இருக்கும்? இந்தக் கேள்விகளைக் கேட்பது அந்த ஆறுதான். பெயரில்லாத நகரம் உங்களிடம் எதையும் கேட்காது.

நூற்பாலை விடுதிகளும் இருக்கின்றன. மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, வெளியூர்ப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்த திட்டங்கள் இங்கே நடந்தன. விடுதிக் கதவு, ஷிப்டு சங்கு, போன் பேச அனுமதி. இதில் கற்பனை சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பட்டது நிஜம், அதனால் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்துக்கு முன்னால், ஒரு தாளில் ஊரை வரையுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யார் அடைக்கலாம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அதை விட்டுவிட்ட பெண் எந்த வழியாக நடந்து வீடு சேருவாள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம் எழுத ஆரம்பியுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி