போடாத லைனருக்கு வாங்கிய பணம்: துவக்குத் திருத்த வேலை பற்றிய புகார்

முகாமையாளர் அவர்கட்கு,
துவக்குத் திருத்தப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

உங்கள் பெயர்ப்பலகையில் மூன்று மொழிகளும் இருப்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். என்னுடைய .22 ரைபிளின் பழைய குழலைத் துளைத்து அகலமாக்கி, அதற்குள் சுரி (உட்புறத் திருகுப் பள்ளங்கள்) வெட்டிய புதிய லைனர் என்ற உட்குழாய் ஒன்றைப் பொருத்தித் தருவதாகச் சொல்லி ரூபா 165,000 பெற்றுக்கொண்டீர்கள். பற்றுச்சீட்டிலும் வேலை அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. துவக்கு திரும்பி வந்துவிட்டது. அதற்குள் லைனர் இல்லை. இந்தக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். நீங்கள் மறுப்பீர்கள் என்பது தெரிந்ததால்தான் மீதியை எழுத வேண்டியிருக்கிறது.

இது பர்மிங்காமில் செய்த பிஎஸ்ஏ ஸ்போர்ட்ஸ்மன். அப்பா ஹப்புத்தளைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில், ஓய்வுபெற்று ஊர் திரும்பிய துரையிடமிருந்து முறைப்படி பெயர் மாற்றி வாங்கியது. அப்போது மரக்கறித் தோட்டத்தில் பன்றி இறங்கும்; அதற்காகத்தான். எனக்கு வேட்டையில் நாட்டமில்லை. துப்பாக்கிச் சுடும் கழகத்தில் இலக்குக் காகிதத்தைச் சுடுவதோடு சரி. வருடா வருடம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து வைத்திருப்பதற்கு அப்பாவின் பொருள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

குழல் கெட்டதற்குக் காரணம் பழைய தோட்டாக்கள். பொட்டாசியம் குளோரேட் கலந்த பற்றவைப்பு மருந்து வெடித்தால் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் தடவினால் உப்பு போகாது; முதலில் தண்ணீரால் கழுவ வேண்டும். மலைநாட்டு மூடுபனியில் தொடங்கிய துரு, வெள்ளவத்தைக் கடற்காற்றில் குழியாகிவிட்டது. உங்கள் வேலையாளும் குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார். சுரண்டிப் பயனில்லை, லைனர்தான் வழி என்றார். பழைய துளையை ஏறத்தாழ 8 மில்லிமீற்றருக்கு அகலமாக்குவது, லைனரைப் பிசினிட்டு இறக்குவது, தோட்டா அறையை ரீமர் என்ற துளை வெட்டும் கருவியால் வெட்டுவது, குழல்வாயைச் சமமாகக் கடைவது என்று வரிசையாக விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் சொன்னதை யாரும் செய்யவில்லை என்பதே என் புகார்.

முதற் சூட்டுக்குக் கழகத்தின் சுடுதளத்துக்குக் காலையிலேயே போய்விட்டேன். பிற்பகலில் கடற்காற்று எழும்பினால், தோட்டாவிலிருந்து பறந்துபோகும் ஈயமான .22 சன்னத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. குழலில் வேலை செய்த துவக்கு என்பதால் எடுத்த எடுப்பில் தோளில் வைக்கவில்லை. துவக்கை மணல் மூட்டைகளில் கிடத்தி, முதலில் 25 மீற்றரில், ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட்டேன். சுட்டபின் மிஞ்சும் ஒவ்வொரு வெற்றுக் கோதையும் எடுத்துப் பார்த்தேன். வீக்கமோ வெடிப்போ இல்லை. தோட்டா அறை பழையபடியே நன்றாக இருந்தது. பிறகு இலக்குக் காகிதத்தை அருகில் போய்ப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. வட்டமாக இருக்க வேண்டிய துளைகளில் பாதி நீள்வட்டமாக இருந்தன. ஒன்றில் சன்னம் பக்கவாட்டாகவே புகுந்து, காகிதத்தில் தன் முழு உருவத்தையும் பதித்துவிட்டுப் போயிருந்தது.

இதன் பொருளை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இக்கடிதத்தின் பிரதி துவக்குத் தொழில் தெரியாத அதிகாரிகளிடமும் போகக்கூடும். சன்னம் நேராகப் பறப்பது அது சுழல்வதால். சுரி அதைப் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். .22 லோங் ரைபிள் தோட்டாவுக்கான குழலில் 16 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது வழக்கமான கணக்கு. சுரி பிடிக்காவிட்டால் சன்னம் தட்டுத்தடுமாறிக் குட்டிக்கரணம் போடும். 25 மீற்றரிலேயே குட்டிக்கரணம் போட்டால் அந்தக் குழலில் சுரி வேலை செய்யவில்லை.

50 மீற்றரில் ஐந்து சூடுகளின் பரவல் என் விரித்த உள்ளங்கையை விடப் பெரிது. கழகத்தின் வேகமானியை முன்னால் வைத்துப் பார்த்தோம். ஒரே பெட்டித் தோட்டாவில் ஒரு சூடு செக்கனுக்கு 318 மீற்றர், அடுத்தது 281. சன்னத்தைச் சுற்றிக்கொண்டு வாயு முன்னால் தப்பிப் போகிறது என்று சுடுதளப் பொறுப்பாளர் அப்போதே சொன்னார். அவர் ஓய்வுபெற்ற இராணுவத்தவர். வீணாகப் பேச மாட்டார்.

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தோட்டா பொருந்தவில்லை சேர், வேறு வகை போட்டுப் பாருங்கள்" என்றார்கள். போட்டுப் பார்த்தேன். பெரிய வேட்டை ரைபிள் வைத்திருப்பவர்கள் வெளிநாடுகளில் வெடிமருந்தின் அளவையும் சன்னத்தையும் மாற்றி மாற்றித் தங்கள் குழலுக்கேற்ற தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். .22-இல் அது நடவாது. பற்றவைப்பு மருந்து கோதின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்ட கோது குப்பைக்குத்தான். எங்களுக்குள்ள ஒரே வழி, தொழிற்சாலையிலிருந்து வந்த வெவ்வேறு வகைகளையும் வெவ்வேறு தொகுதி இலக்கங்களையும் சுட்டுப் பார்த்து, குழல் எதை விரும்புகிறது என்று கண்டுபிடிப்பது. இதில் அவசரம் கூடாது. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழலுக்குள் முந்தியதன் மெழுகு இருக்கும். முதற் சில சூடுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை.

போட்டித் தோட்டா, சாதாரண வேகத் தோட்டா, அதிவேகத் தோட்டா எல்லாம் பார்த்தாயிற்று. அதிவேகத் தோட்டாதான் மிக மோசம். அதற்குத் தனிக் காரணமும் உண்டு. கொழும்பு வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். அதைவிட வேகமாகப் புறப்பட்டு, வழியில் அதற்குக் கீழே இறங்கும் சன்னம் அந்த இடத்தில் குலுங்கும். போட்டித் தோட்டாக்களை ஒலி வேகத்துக்குக் கீழேயே செய்வது இதனால்தான். ஆனால் அந்தப் போட்டித் தோட்டாவும் உங்கள் குழலில் நீள்வட்டத் துளைதான் போட்டது. மிஞ்சிய அதே பெட்டித் தோட்டாக்களைக் கழகத்தின் சொந்த ரைபிளில், அதே மேசையில், அதே மணல் மூட்டையில் வைத்துச் சுட்டேன். துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. இரண்டு இலக்குக் காகிதங்களின் பிரதிகளையும் பொறுப்பாளர் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார், இணைத்துள்ளேன். தோட்டா மீதான பழி இத்துடன் முடிந்தது என்று கொள்கிறேன்.

அடுத்த தொலைபேசி அழைப்பில் காரணம் மாறியது. "புதுக் குழல் சேர், சுடச் சுடப் பழகும்" என்றார்கள். குழலென்ன, வீட்டுக்கு வந்த மருமகளா பழகுவதற்கு? சுடச் சுடத் துளை தேய்ந்து பெரிதாகும். சிறிதாகாது.

அதன் பிறகுதான் நானே அளந்து பார்க்கத் துணிந்தேன். மெல்லிய ஈயக் கட்டி ஒன்றுக்கு எண்ணெய் தடவி, தோட்டா அறைப் பக்கமிருந்து கோலால் தள்ளினேன். பாதித் தூரம் வரை ஒரே சீரான இறுக்கம். பாதியைக் கடந்ததும் கோலில் கை வைக்கத் தேவையே இருக்கவில்லை; கட்டி தானாக வழுக்கிக்கொண்டு குழல்வாயால் வெளியே விழுந்தது. அந்தக் கட்டி இறுக்கமான இடத்தின் அளவைத்தான் காட்டும். ஆகவே முன்பக்கத்தை அறிய இன்னொரு கட்டியைக் குழல்வாயில் அடித்து இறக்கி, பின்னாலிருந்து தட்டி அதே வாயால் வெளியே எடுத்தேன். துவக்கை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, கட்டிகள் இரண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருதானையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருக்கும் பெரியவர் மைக்ரோமீற்றரால் அளந்தார். பின்பக்கக் கட்டி 5.66 மில்லிமீற்றர். முன்பக்கக் கட்டி 5.86. நான் ஒன்றும் சொல்லாமலேயே, "தம்பி, இது வெட்டிய துளை இல்லை. மணலும் எண்ணெயும் போட்டுத் தேய்த்த துளை. தேய்த்தவனுக்குக் கை எட்டிய பக்கம் பெரிதாகியிருக்கிறது" என்றார்.

.22 லோங் ரைபிள் சன்னம் ஏறத்தாழ 5.7 மில்லிமீற்றர். சுரியின் பள்ளம் வரை குழலின் அளவு 5.64 ஆக இருக்க வேண்டும். சற்றுப் பெரிய சன்னம் சற்றுச் சிறிய துளைக்குள் பிதுங்கிக்கொண்டு போவதால்தான் வாயு தப்பாது, சுரியும் பிடிக்கும். 5.86 மில்லிமீற்றர் துளைக்குள் அது எந்தப் பக்கத்தையும் உறுதியாகத் தொடாமல் போகிறது. வேகம் ஏறி இறங்கியதும், துளைகள் நீண்டதும், குழலின் முன்பாதி முழுவதும் ஈயம் அப்பிக் கிடந்ததும் இந்த ஓர் அளவிலிருந்தே வருகின்றன.

லைனர் போட்டிருந்தால் குழல்வாயை உருப்பெருக்கியால் பார்க்கும்போது பழைய இரும்பும் புதிய குழாயும் சந்திக்கும் இடத்தில் முடி போல ஒரு வளையம் தெரிய வேண்டும். தோட்டா அறைப் பக்கத்திலும் தெரிய வேண்டும். இரண்டிலும் இல்லை. மாறாக, குழலின் நடுவில் அப்பா காலத்துத் துருக்குழிகள் பழையபடியே இருக்கின்றன. ஆழமான குழிகளை உங்கள் தேய்ப்பு மணல் எட்டவில்லை.

வேலை அட்டையின் கடைசி வரியில் "சுட்டுப் பரீட்சிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் சரி அடையாளம் இட்டிருக்கிறீர்கள். எங்கே, எத்தனை மீற்றரில், எந்தத் தோட்டாவால்? அந்த இலக்குக் காகிதம் எங்கே? ஒரேயொரு முறை ஒரு தாளின் முன்னால் சுட்டிருந்தால் நீள்வட்டத் துளை உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். பார்த்தும் அனுப்பினீர்கள் என்பதைவிட, சுடவேயில்லை என்று நினைப்பதுதான் உங்களுக்கு மரியாதை. மற்ற விடயங்களில் பொறுத்துப் போகலாம், இதில் முடியாது. இது ரேடியோ பெட்டியல்ல. பரீட்சிக்கப்பட்டது என்று நீங்கள் எழுதித் தந்ததை நம்பித்தான் என் கன்னத்தை அதன் மேல் வைத்தேன். பர்மிங்காமில் துவக்குப் பரிசோதனைச் சாலை 1813 முதல் இயங்குகிறது. இந்தக் குழலின் மேல் உள்ள முத்திரை அவர்கள் அன்றிருந்த துளைக்குக் கொடுத்தது. உள்ளே இரும்பைத் தேய்த்தெடுத்தவர்களுக்கு அந்த முத்திரையின் நிழலில் ஒதுங்க உரிமையில்லை.

நான் கேட்பவை இவை. பொருத்தாத லைனருக்காகப் பெற்ற ரூபா 165,000-ஐத் திருப்பித் தாருங்கள். அல்லது, உண்மையிலேயே லைனரைப் பொருத்துங்கள். அதற்கு மேலும் ஒரு சதம்கூடத் தர மாட்டேன். இரண்டாவதைத் தேர்ந்தால், லைனரை இறக்குமுன் எனக்குக் காட்ட வேண்டும். வேலை முடிந்தபின் கழகத்தின் சுடுதளத்தில் என் முன்னிலையில் 50 மீற்றரில் சுட்டு, அந்தக் காகிதத்தில் தொழில்நுட்பவியலாளர் கையொப்பமிட வேண்டும். வாடிக்கையாளர்கள் துவக்கை வழக்கமாக ஒப்படைக்கும் இடத்தில் விட்டுச் செல்லவும் மாட்டேன்; அனுமதிப்பத்திரத்தின் பிரதியோடு நேரில் கையளித்து, தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை நேரில் பெற்றுக்கொள்வேன். லைனர் என்று எழுதித் தேய்த்துக் கொடுத்தது யாருடைய முடிவு என்பதையும் எழுத்தில் அறிய விரும்புகிறேன். எனக்கு விளக்கம் சொன்ன அந்த வேலையாளின் தலையில் இதைக் கட்டிவிட வேண்டாம். செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அந்தத் தவணை முடிய இன்னும் நாளிருக்கிறது. முடியும்வரை என்னைத் தொலைபேசியில் இழுத்தடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதம் இணைப்புகளோடு அதிகாரசபைக்குப் போகும். ஈயக் கட்டிகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் மைக்ரோமீற்றரால் அளந்து பார்க்க விரும்பினால் கொண்டுவருகிறேன். கையில் தர மாட்டேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டு, வேலை அட்டை, கையொப்பமிட்ட இலக்குக் காகிதங்கள், குழல்வாயின் புகைப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகள்.