பேத்தியின் தாயைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

வணக்கம். உங்களில் சிலருக்குத் தனியாக எழுதிவிட்டேன், ஆனாலும் எல்லோரும் அறியச் சொன்னால்தான் எனக்கு மனசு நிறையும். என் மனைவியின் பாட்டி வழிக் குடும்பம் இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு நின்றுபோயிருந்த முன்னோர் தேடல் இப்போது நகர்ந்துவிட்டது, கூடவே இதுவரை தெரியாத ஒரு சொந்தக் குடும்பமும் கிடைத்திருக்கிறது.

1841 தாளில் அந்த வீட்டில் மூன்றே பேர்: வயதான பண்ணைக் கூலி, அவர் மனைவி, ஐந்து வயதுச் சிறுமி. ஒரே குடும்பப்பெயர் என்பதால் மகள் என்றுதான் யாருக்கும் தோன்றும். "அவசரப்படாதீங்க, அந்த வருஷம் உறவு முறையே எழுதமாட்டாங்க, பெரியவங்க வயசையும் ஐந்தின் மடங்காகக் குறைச்சுத்தான் போடுவாங்க, 1851-ஐப் பாருங்க" என்று சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. 1851-இல் அவள் 'பேத்தி' என்று இருந்தாள். அப்படியானால் நடுவில் ஒரு தாயோ தகப்பனோ இருந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலையில்தான், சிறுமி அதற்கு முன்பே பிறந்தவள், ஆகவே ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றுதான் கதி. அந்தப் பக்கமோ ஈரம்பட்டு மை பரவிக் கிடந்தது. பதிவேட்டின் நகலை ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இருந்தது, அது தப்பியிருக்கலாம் என்று யோசித்து, நான் கேட்காமலே தேடிக் கொடுத்தார் ஆவணக் காப்பக ஊழியர் ஒருவர். அவருக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது! அதில் தாயின் பெயர் மட்டும் இருந்தது. தொழில் எழுதும் கட்டத்தில் 'மணமாகாதவள்'. அவ்வளவுதான்.

அதே பெயரில் பெண்கள் பலர் இருந்ததால் அந்தத் தாயின் திருமணப் பதிவைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஃப்ரீரெக் தளத்துக்காகப் பழைய பதிவேடுகளைக் கூலியில்லாமல் வரி வரியாகத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் நான் இன்னும் துழாவிக்கொண்டிருப்பேன். 1837-க்குப் பிந்தைய திருமணப் பதிவில் மணமக்களின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும், அதில் 1841 வீட்டுப் பெரியவரே தகப்பனாக நின்றார். மணமகளுக்கு எழுதத் தெரியாது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, பேனா அழுந்தி மை தடித்திருக்கிறது. கீழே ஒரு சாட்சியின் கையெழுத்து. எனக்கு வெறும் கோடாகத் தெரிந்ததைப் படித்து, அது அவளுடைய அண்ணன் என்று சொன்ன ஐயா, உங்கள் கண்ணுக்குக் கோடி நன்றி.

அந்த அண்ணனின் வழிவந்தவர் என் கடிதத்துக்குப் பதில் எழுதினார், அதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. அவரிடமிருந்த அண்ணனின் திருமணப் பதிவில் சாட்சியாக நின்றவள் இவள், அதே பெருக்கல் குறி. ஒரு ஆவணத்தை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

வம்சவரைபடத்தையும் ஆவணப் படங்களையும் உங்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், தவறு கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். சிறுமியின் தகப்பன் யார் என்பது மட்டும் பாக்கி. அந்தக் காலத்து ஏழை நிவாரணத் தாள்களில் அது அகப்படலாம் என்கிறார்கள், அவற்றைப் படித்துப் பழகியவர்கள் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.