சுற்றுப்பாதையில் போட்ட கேட்டை அகற்றித் தரக் கோரி மனு

அனுப்புநர்:
சுற்றுப்பாதையில் நடக்கும் ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: மாரியம்மன் கோயிலிலிருந்து புல்மேடு, சோலை, காய்கறித் தோட்டம் வழியாகப் பஸ் ஸ்டாப் வரும் சுற்றுப்பாதையின் கடைசி முந்நூறு மீட்டரைத் தனியார் கேட் போட்டு அடைத்தது – ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பாதையைப் பற்றித் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழையில் மண் சரிந்தபோது தாங்களே கோயிலருகே ஜீப்பை நிறுத்திவிட்டுப் பூண்டுத் தோட்டம் வரை எங்களோடு நடந்து வந்தீர்கள். அதே பாதைதான். கோயிலில் தொடங்கி, தேயிலைக்குள் ஏறி, புல்மேட்டின் முதுகில் நடந்து, சோலை ஓரமாக இறங்கி, ஓடையைத் தாண்டி, கேரட்டும் பீட்ரூட்டும் போட்ட தோட்டங்கள் வழியாகப் பஸ் ஸ்டாப்புக்கு வரும். சுமார் எட்டு கிலோமீட்டர் இருக்கும்.

உலாவப் போவதற்கெல்லாம் மனுவா என்று ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பெயர் வேண்டாம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், மாடு மேய்ப்பவர்கள், பால் கொண்டு போகிறவர்கள் எல்லாரும் நடக்கும் வழி இது. ஆனால் சும்மா நடப்பதற்காகவே நடக்கிற எங்களைப் போன்றவர்களும் உண்டு, அதைச் சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை. மார்கழி, தை மாதத்து உறைபனியில் கருகிப்போன மேட்டுப்புல், முதல் கோடை மழைக்கு அப்புறம்தான் பச்சை பிடிக்கிறது. மார்ச்சில் போனால் காட்டுப்பூவரசில் சிவப்புப் பூ இன்னும் மிச்சமிருக்கும். சோலை மரங்கள் விடும் துளிர் செம்பு நிறத்தில் இருக்கும். வெளியூர்க்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மரம் காய்கிறது என்று பரிதாபப்படுவார்கள். ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி மனிதரைப் போலவே சீட்டியடிக்கும். நான் வேலையில் இருந்தபோது பிள்ளைகளைக் கூட்டிப் போய், மேட்டுப் பள்ளத்தில் இருக்கும் சதுப்பை மிதிக்கச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறதே, அதனால்தான் நம் ஓடை ஏப்ரலிலும் வற்றுவதில்லை என்று புத்தகமில்லாமல் சொல்லிக்கொடுத்த பாடம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1. அடைபட்டிருக்கும் பகுதி அரசு நிலம். கிராம நிலங்களின் கணக்கான 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருக்கிறது. புலப்பட வரைபடத்திலும் பாதை தெளிவாக இருக்கிறது. இரண்டின் நகலும் இத்துடன் உள்ளன.

2. அடைத்தவர் பக்கத்தில் நிலம் வாங்கிக் காட்டேஜ் கட்டியிருக்கும் வெளியூர்க்காரர். முதலில் கம்பி வேலி வந்தது. பிறகு இரும்பு கேட், சங்கிலி, பூட்டு. கேட்டைச் சுற்றிப் போய்விடக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் குழி. அது மண்வெட்டியால் தோண்டிய குழி இல்லை, பார்த்தாலே தெரியும். ஜேசிபி ஓட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற இந்த மாவட்டத்தில், அந்த வண்டி யார் அனுமதியில் வந்தது என்று தாங்கள்தான் கேட்க வேண்டும்.

3. ஐயா, எங்கள் வேதனை எல்லாம் அந்தக் கேட் இருக்கும் இடம்தான். பாதையின் தொடக்கத்தில் போட்டிருந்தால் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பியிருப்போம். எட்டு கிலோமீட்டரில் ஏழே முக்காலையும் நடந்து முடித்த பிறகு வருகிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பஸ் ஸ்டாப் தெரிகிறது. டீக்கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வரை தெரிகிறது. சாயங்காலப் பஸ் வந்து நிற்பதும் தெரிகிறது, கண்டக்டர் விசில் கொடுப்பதும் கேட்கிறது. கையில் கேரட் பையோடு நிற்கும் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அண்ணா, இருங்கண்ணா" என்று கத்துவார்கள். யார் காதில் விழும்? பஸ் கிளம்பிவிடும். அடுத்த பஸ் எப்போது வரும் என்று தங்களுக்கே தெரியும்.

அதற்குமேல் இரண்டு வழிதான். ஒன்று, வந்த வழியே திரும்புவது. இருட்டுகிற நேரத்தில் சோலை ஓரமாக நடக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? காட்டுமாடு ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கும் நேரம் அது. மூடுபனி விழுந்துவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பது புதரா மாடா என்று தெரியாது. கரடி வேறு. இன்னொன்று, அந்தக் குழியில் இறங்கி ஏறித் தேயிலைக்குள் நுழைவது. கவாத்து வெட்டிய செடியின் குச்சி புடவையைக் கிழிக்கும், காலைக் கீறும். மழை பெய்த நாளில் குழியின் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, எங்கள் பாட்டிகளிலேயே கால் உறுதியானவர், அதில் விழுந்து மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டார். பூண்டு உரிக்கிற கை அது. அவர் அன்று உலாவப் போகவில்லை ஐயா, கூலி வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டுக் காபி குடிக்கும் விருந்தினர்கள் எங்களைப் போட்டோ எடுக்கிறார்கள். வாட்ச்மேனிடம் கெஞ்சினால் "சாவி ஓனர்கிட்ட இருக்கு" என்பார். பாவம், அவரும் நம் ஊர்ப் பையன்தான், அவரைக் குறை சொல்லி எழுதவில்லை.

4. தார் ரோட்டில் சுற்றி வரலாமே என்று சிலர் சொல்கிறார்கள். சீசனில் அந்த ரோட்டில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். கூட்டம் தாங்காமல்தான் 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றமே வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 சுற்றுலா வண்டி என்று வரம்பு போட்டது. வரம்பு போட்ட பிறகும் ஆயிரக்கணக்கில் வண்டி ஏறத்தான் செய்கிறது. நம் வளைவுகளில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பஸ் எதிரே வந்தால் பாறையோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். அதுவும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

5. இது மலையேற்றம் இல்லை. 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட காட்டுத் தீக்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளை எல்லாம் மதிக்கிறோம். எங்கள் பாதை காப்புக்காட்டு எல்லைக் கல்லுக்கு வெளியேதான் போகிறது.

6. மனு கொடுத்த கதையைச் சொல்ல வேண்டும். குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம், ரசீது கிடைத்தது. ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கு பார்க்கும் ஜமாபந்தியில் கொடுத்தோம், மனுவில் முத்திரை விழுந்தது. ஆன்லைனில் பதிந்தோம், சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அந்தச் சம்பந்தப்பட்ட அலுவலர் யார் என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டுப் பார்த்தோம், எல்லாரும் அடுத்த மேஜையைக் காட்டினார்கள். நில அளவையர் ஒருமுறை வந்தார். அளவுச் சங்கிலியை வண்டியிலிருந்து இறக்கவேயில்லை. காட்டேஜில் டீ சாப்பிட்டார், மேகம் மூடிவிட்டது என்றார், போய்விட்டார். மேகம் மூடாத நாள் நம் ஊரில் எத்தனை இருக்கிறது? மேகம் மூடியிருந்த நாளில்தானே அந்தக் கேட்டை நட்டார்கள்? மரியாதைக் குறைவாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். முதல் மனுவில் "பணிவுடன்" என்ற சொல்லை எத்தனை இடத்தில் போட்டோம் என்று கோப்பைப் பிரித்துப் பாருங்கள், கோப்பு இருந்தால்.

7. சட்டம் தெரியாமல் கேட்கவில்லை. 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், 6-ஆம் பிரிவில் அகற்றல். ஓர் ஏழை புறம்போக்கில் குடிசை போட்டால் இந்தப் பிரிவுகள் எவ்வளவு வேகமாக ஞாபகத்துக்கு வருகின்றன! கேட் போட்டவர் சொல்வதுபோல அது பட்டா நிலம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் 1882-ஆம் ஆண்டின் வசதி உரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு: தடையில்லாமல் இருபது ஆண்டு உரிமையோடு நடந்த வழியை மறிக்க முடியாது. இருபது என்ன, கோயில் தெருவில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள், அவர்கள் அப்பா காலத்திலிருந்து நடக்கிறார்கள்.

8. கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள் ஐயா. அவ்வளவுதான் கேட்கிறோம். இழப்பீடு கேட்கவில்லை, தார் போடச் சொல்லவில்லை, விளக்கு கேட்கவில்லை. தார் வேண்டவே வேண்டாம். தார் போட்டால் கார் வரும்.

ஆகவே, நில அளவையரை இந்த முறை சங்கிலியோடு அனுப்பி, எங்கள் முன்னிலையில் அளந்து, கேட்டையும் வேலியையும் அகற்றி, குழிகளைக் கேட் போட்டவர் செலவிலேயே மூட உத்தரவிட வேண்டுகிறோம். உத்தரவு வர நாளாகும் என்றால், அதுவரை காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரையாவது பூட்டுப் போடக் கூடாது என்று வாய்மொழியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாங்கள் சொன்னால் அவர் கேட்பார். கோடை மழை தொடங்கிவிட்டது, புல் பச்சை பிடித்துவிட்டது, சீசன் வண்டிகளும் வரத் தொடங்கிவிட்டன. இதை அடுத்த ஜமாபந்திக்குத் தள்ள வேண்டாம்.

இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் கொடுங்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் மேலே போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கம். மணிக்கட்டு உடைந்த பாட்டி இடது கையால் வைத்திருக்கிறார்.)