கதவில் ஒட்டிய நோட்டீஸ்

ஐயா,

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக் கதவில் சென்ற வாரம் வங்கி நோட்டீஸ் ஒட்டப்பட்டது. கடன் வாங்கியவர் வீட்டுக்காரர். மிரண்டு நின்றதோ, மாதம் தவறாமல் வாடகை கொடுத்துவந்த குடும்பம். வீட்டுக்காரரின் கைப்பேசி அன்று முதல் அணைந்தே கிடக்கிறது.

கடனைக் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுத்துக்கொள்ள வழிசெய்வது 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம். அதன்படி வங்கி கடன்தாரருக்கு முதலில் நோட்டீஸ் அனுப்பி 60 நாள் அவகாசம் தருகிறது. அந்த நோட்டீஸ் வாடகைதாரருக்கு வருவதில்லை. வங்கி வீட்டைக் கையகப்படுத்த முனைந்தால் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 2016-இல் வந்த திருத்தத்தின்படி வாடகைதாரரின் உரிமைக் கோரிக்கையையும் அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கலாம். ஆனால் அங்கே பேசுவது காகிதம்தான். ஒப்பந்தம் பதிவானதா, அடமானத்துக்கு முந்தையதா பிந்தையதா, வாடகை கொடுத்ததற்கு ரசீது உண்டா என்று கேட்பார்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தைக்கூட எழுதிக்கொள்ளாதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சென்னையில் பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து ‘லீசுக்கு’ குடியேறுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. வீடு ஏலம் போனால் அந்தப் பணத்துக்காக வீட்டுக்காரரைத் தேடி அலைய வேண்டியதுதான். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், பதிவான அடமானம் தெரிந்துவிடும். அது வீடு வாங்குபவர்களுக்கு மட்டுமான வேலை அல்ல.

வங்கிகள் முதல் நோட்டீசின் நகலை அந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

– வாசகர், பெரம்பூர், சென்னை