21 விளக்குகளுக்குக் காற்று மறைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். தை மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் ஊர்த் திடலில் நடைபெற்ற கலைவிழா, நாங்கள் எதிர்பார்த்ததைக் காட்டிலும் சிறப்பாக நிறைவேறியது. அழைப்பிதழின் மெய்ப்புத் திருத்தியவர் முதல் ஞாயிறு நள்ளிரவில் திடலைக் கூட்டிப் பெருக்கியவர்கள் வரை, இதற்குத் தோள் கொடுத்த ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்வதே முறை. அதற்குள் ஊரில் அறுவடை வேலை நெருக்கிவிட்டதால், இம்மடல் வழியாக அக்கடமையைச் செய்கிறேன்.

தோல்பாவைக் கூத்தை விழாவின் முதன்மை நிகழ்ச்சியாக வைப்பது என்று குழுவில் முடிவெடுத்தபோது, கூட்டம் அமர்ந்து பார்க்குமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. பாரதப்புழை ஆற்றின் கரையிலுள்ள பத்ரகாளி கோயில்களில், இதற்கென்றே கட்டப்பட்ட கூத்துமாடம் என்னும் மேடைகளில், தோற்பாவைகளின் நிழலைத் திரையில் விழச்செய்து இரவு முழுவதும் நடத்தும் கூத்து அது. இராவணனோடு இராமன் போரிட்ட காலத்தில் தாரிகன் என்னும் அசுரனோடு போரில் இருந்த தேவி அதைக் காண இயலாமற்போனதால், அவள் காண்பதற்கென்றே நிழலில் ஆடிக் காட்டப்படுகிறது என்பது ஐதிகம். கலைஞர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். அவர்கள் பாடுவது கம்பராமாயணம். மலையாள நாட்டின் கோயில்களில், மலையாளம் பேசும் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகக் கம்பனின் விருத்தங்களை மனப்பாடமாகப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் அவற்றுக்குப் பொருளும் விரித்து வருகின்றன. அந்தக் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த இராமச்சந்திர புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவ்வளவும் நம் மாவட்டத்தில் இருக்க, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் அதை ஒருமுறையேனும் காணாமல் வளர்வது எனக்குப் பெரும் குறையாகவே பட்டது.

கோயிலின் கூத்துமாடம் 42 அடி நீளமுள்ளது. எங்களால் அமைக்க முடிந்தது அதில் பாதியளவு மேடைதான். அதுவும் திறந்த வெளி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்பது இவ்வூரில் பிறந்த எவருக்கும் தெரியும். சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குத் திரைக்குப் பின்னால், பிளந்த தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு 21 விளக்குகளையும் வரிசையாக ஏற்றினார்கள். ஏழாவது விளக்கை ஏற்றும்போது முதல் மூன்றும் அணைந்திருந்தன. மீண்டும் ஏற்றினார்கள், மீண்டும் அணைந்தன. மூத்த புலவர் ஒன்றும் சொல்லாமல், கையிலிருந்த பாவையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது.

அப்போது எழுந்து வந்தவர்களுக்குத்தான் இந்த மடலின் முதல் நன்றி. நெல் களத்திலிருந்து தார்ப்பாய்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த வியாபாரி, அவற்றைக் கட்ட மூங்கில் கொடுத்த பந்தல்காரர், ஏணி இல்லாத இடத்தில் ஒருவர் தோள்மீது ஒருவராக ஏறிக் கயிறு கட்டிய செங்கற்சூளைத் தொழிலாளர்கள் ஆகியோரை எத்தனை முறை வணங்கினாலும் தகும். கிழக்குப் பக்கத்தில் இரண்டு முழம் இடைவெளி எஞ்சியபோது, அங்கே அமர்ந்திருந்த பெண்கள் தாங்கள் போர்த்தியிருந்த சால்வைகளை முடிந்து கட்டிக் கொடுத்தார்கள். ஏழே முக்காலுக்கு 21 விளக்குகளும் நின்று எரிந்தன. திரையில் இராமனின் நிழல் எழுந்தது.

பின்வரிசையில் அமர்ந்திருந்த, எண்பது வயதைக் கடந்த அம்மா ஒருவர், இரண்டாவது விருத்தம் முடிந்ததும் என் கையைப் பற்றி, "இது நம்ம பாட்டுத்தானுங்களே, அவங்க சொல்றது அத்தனையும் வெளங்குதுங்களே" என்றார். அன்றிரவு வந்தவர்களில் பெரும்பாலோர் பதினொன்றரை மணிவரை எழுந்து போகவில்லை. குறுகிய மேடையில் சுருக்கமாக ஆட இசைந்த புலவர்களுக்கும், எழுபறையும் இலைத்தாளமும் இசைத்த கலைஞர்களுக்கும் எங்கள் ஊர் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த முறை அவர்கள் விடியும்வரை ஆட நாங்கள் இடமும் நேரமும் ஒதுக்குவோம்.

ஞாயிறன்று வள்ளிக் கும்மி ஆடிய மூன்று ஊர்ச் சிறுமியருக்கும், அவர்களுக்கு இரண்டு மாதம் மாலைதோறும் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும், கேரளத்தின் கைகொட்டிக் களி ஆடிய சித்தூர்ப் பெண்களுக்கும் நன்றி. வட்டமாக நின்று, கைதட்டி, பாட்டின் போக்கில் சுற்றிவரும் இவ்விரண்டு ஆட்டங்களும் அக்காள் தங்கையர் என்பதை அன்றுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறைவில் இரு குழுவினரும் ஒரே வட்டமாக நின்றது எவரும் திட்டமிட்டதன்று. சித்தூரிலிருந்து வந்த சேச்சி ஒருவர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டதில் தொடங்கியது. பெருஞ்சலங்கை ஆட்டத்தினருக்கும், கேள்வி கேட்பவராக வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்கிய, பாலக்காட்டு நாட்டுப்புற நகைச்சுவைக் கூத்தான பொறாட்டு நாடகத்தின் கலைஞருக்கும் எங்கள் வணக்கம்.

வயிற்றுக்கு ஈந்தவர்களை மறந்தால் நன்றி மடல் எழுதுவதில் பொருளில்லை. இராமசேரி இட்டலி செய்து தந்த குடும்பத்தினர், மண்பானை வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேகவைத்து, இரு நாள் காலையும் சலிக்காமல் பரிமாறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து முன்னாளில் வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. ஆப்பம்போல் தட்டையாக இருக்கும் அந்த இட்டலியைப் பொடியும் எண்ணெயும் தொட்டு உண்டவர்கள் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். மதிய உணவைப் பொறுப்பேற்ற குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளுக்கும் நன்றி உரியது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, ஒலிபெருக்கிக்கு முன்பணம் பெற்றிருந்தவர்கள் வர இயலாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்நிலையில் தம் கோயிலின் மைக் செட்டை வாடகையின்றித் தந்த பக்கத்து ஊராருக்கும், அதைத் தம் வண்டியிலேயே ஏற்றி வந்து இரவு முழுதும் பக்கத்தில் இருந்து கவனித்த இளைஞருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. அழைப்பிதழைத் தமிழிலும் மலையாளத்திலும் பிழையின்றி அச்சிட உதவிய இரு பள்ளி ஆசிரியர்களுக்கும், நிழற்குடை அமைத்தவர்களுக்கும், போக்குவரத்தைச் சீர்செய்த காவலர்களுக்கும், நன்கொடை தந்த வணிகர்களுக்கும், ஐந்தும் பத்துமாக உண்டியலில் இட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கும் குழுவின் சார்பில் உளமார்ந்த நன்றி.

வரவு செலவுக் கணக்கு ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. எவரும் பார்க்கலாம், கேட்கலாம். சால்வைகளைத் துவைத்து மடித்து அதே நூலகத்தில் வைத்திருக்கிறோம். நான்கு சால்வைகள் உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. நீல நிறக் கரையிட்டது ஒன்றும், பழுப்பு நிறத்தது ஒன்றும் இன்னும் இருக்கின்றன. உரிய தாய்மார்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ள அன்புடன் வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
செயலாளர்,
கலைவிழாக் குழு